சிகாகோவின் வாக்குமூலம்

1982 பிப்ரவரி 17 அன்று, சிகாகோவின் குக் கவுண்டிச் சிறை மருத்துவப் பிரிவின் தலைவர் ஜான் ராபா, நகரக் காவல்துறைத் தலைவர் ரிச்சர்ட் பிரிஸெக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். காவலர்கள் சிறையில் கொண்டுவந்து ஒப்படைத்த ஆண்ட்ரூ வில்சன் என்ற கைதியைப் பற்றியது அது. முகத்திலும் தலையிலும் காயங்கள், வீக்கங்கள். வலது கண் மோசமாக அடிபட்டிருந்தது. தொடையிலும் கன்னத்திலும் மார்பிலும் நீளவாக்கில் கொப்புளங்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் உடலை வைத்து அழுத்தினால் வரக்கூடிய தீப்புண்கள். ஈறிலும் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று கைதி சொன்னதையும் ராபா அப்படியே எழுதினார். இதை உடனே முழுமையாக விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வில்சன் சாதாரணக் கைதி அல்ல. அதற்கு எட்டு நாள் முன்பு, பிப்ரவரி 9 அன்று, வில்லியம் ஃபேஹி, ரிச்சர்ட் ஓ’பிரையன் என்ற இரண்டு காவலர்கள் சாலையில் ஒரு காரை மறித்தபோது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அடுத்த ஐந்து நாட்கள் நகரத்தின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழும் தெருக்களில் நடந்த தேடுதல் வேட்டையைப் பற்றி அந்தப் பகுதி முதியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். கதவுகள் உதைத்துத் திறக்கப்பட்டன. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அள்ளிச் செல்லப்பட்டார்கள். கறுப்பினக் காவலர்களின் சங்கமே இதைக் கண்டித்தது. பிப்ரவரி 14 விடியற்காலையில் வில்சன் பிடிபட்டார். அன்று மாலைக்குள் அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் தயாராக இருந்தது.

ராபாவின் கடிதத்தைப் பிரிஸெக் தூக்கிப் போடவில்லை. மாவட்ட அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் எம். டேலிக்கு அதை அனுப்பினார். விசாரணை தொடங்கினால் வில்சன் மீதான கொலை வழக்குக்குக் குந்தகம் வரலாம், அதனால் உங்கள் வழிகாட்டுதல் வரும்வரை நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்ற பொருள்பட ஒரு குறிப்பையும் சேர்த்தார். டேலியிடமிருந்து வழிகாட்டுதல் எதுவும் வரவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து டேலி சிகாகோவின் மேயரானார். 2011 வரை 22 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

இந்தக் கடிதத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. போலீஸ் வன்முறை என்றதும் நம் மனத்தில் எழுவது தெருவில் நடப்பது: மினியாபொலிஸ் சாலையில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை அழுத்திய முழங்கால். யாரோ படம் பிடித்தார்கள், உலகம் பார்த்தது, கோடிக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். சிகாகோவில் நடந்ததை எவரும் படம் பிடிக்கவில்லை. பூட்டிய அறைக்குள் நடந்தது. அங்கிருந்து வெளியே வந்தது தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் சரிபார்த்த ஒரு காகிதம் மட்டுமே. அந்தக் காகிதத்தைப் பொய் என்று நிலைநாட்ட ஒரு நகரத்தின் கறுப்பின மக்களுக்கும் அவர்களோடு நின்ற சிலருக்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. எதிர்ப்பு என்பதை ஒரு நாள் கூட்டமாக மட்டும் எண்ணிப் பழகியவர்கள் இந்த முப்பது ஆண்டுகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்த அறை இருந்த இடத்தின் பெயர் ‘ஏரியா 2’. தென் சிகாகோவின் துப்பறியும் பிரிவுத் தலைமையகம். அங்கே 1972இல் துப்பறிவாளராகச் சேர்ந்தவர் ஜான் பர்ஜ். வியட்நாமில் ராணுவப் போலீஸில் பணியாற்றித் திரும்பியவர். படிப்படியாக உயர்ந்து கமாண்டர் ஆனவர். அவர் வளர்ந்த தெற்கு டியரிங் பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1953இல் அங்கிருந்த டிரம்புல் பார்க் அரசுக் குடியிருப்பில் ஒரு கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது, வெள்ளையர் கும்பல்கள் மாதக்கணக்கில் கல்லெறிந்து கலவரம் செய்தன. பர்ஜுக்கு அப்போது ஐந்து வயது. அவர் காவலராகத் திரும்பி வந்த எழுபதுகளில் தென்பகுதியின் பல தெருக்களிலிருந்து வெள்ளையர்கள் வீடுகளை விற்றுவிட்டுப் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் மேலும் மேலும் கறுப்பின மக்கள். ஏரியா 2இன் துப்பறிவாளர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

தெரியவந்த ஆரம்பகால வழக்குகளில் ஒன்று 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆண்டனி ஹோம்ஸ் என்பவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சி, முகத்தை பிளாஸ்டிக் பையால் மூடினார்கள். கையால் சுற்றினால் மின்சாரம் பிறக்கும் பெட்டி ஒன்றைப் பற்றிப் பல ஆண்டுகளில், பல வழக்குகளில், ஒருவரையொருவர் அறியாத கைதிகள் ஒரே மாதிரி விவரித்தார்கள். தட்டச்சுப் பொறியை மூடும் உறையைத் தலையில் மாட்டி மூச்சுத் திணற வைப்பது இன்னொரு முறை. துப்பாக்கியை வாயில் நுழைத்து விசையை இழுப்பது மற்றொன்று. 1983இல் டேரல் கேனன் என்பவரை ஊருக்கு ஒதுக்குப்புறமான இடத்துக்குக் கொண்டுபோய், ஷாட்கன்னில் தோட்டா போடுவதுபோல் காட்டி, குழலை வாயில் திணித்து மூன்று முறை சுடுவதாக நடித்தார்கள். பிறகு மாடு விரட்டும் மின்தடியைப் பயன்படுத்தினார்கள். அவர் 20 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கழித்தார். 1972க்கும் 1991க்கும் இடையில் இப்படிச் சித்திரவதைக்கு ஆளானவர்களில் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் 100க்கு மேல். ஏறக்குறைய அனைவரும் கறுப்பின ஆண்கள்.

இவர்களில் ஆரன் பேட்டர்சன் செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நடுங்கும். 1986 ஏப்ரல் 30 அன்று, ஒரு கொலை வழக்கில் விசாரணை அறையில் தனியாக விடப்பட்ட சில நிமிடங்களில், கையில் கிடைத்த பேப்பர் கிளிப்பால் இரும்பு இருக்கையில் அவர் கீறி எழுதினார்: போலீஸ் மிரட்டியது, அறைந்தது, பிளாஸ்டிக்கால் மூச்சை அடைத்தது, கொலை பற்றித் தான் சொன்னது பொய், வழக்கறிஞர் இல்லை, அப்பா இல்லை, போன் இல்லை. தேதியையும் போட்டார். பின்னர் அந்தக் கீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டுப் படமெடுக்கப்பட்டன. அந்த அறையிலிருந்து இரண்டு எழுத்துகள் வெளிவந்தன: காவலர்களின் வாக்குமூலத் தாள், பேட்டர்சனின் இரும்புக் கீறல். நீதிமன்றம் தாளை நம்பியது. அவருக்கு மரண தண்டனை விதித்தது.

ஏன் நம்பியது என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். அமெரிக்கச் சட்டம் சித்திரவதையை அனுமதிக்கவில்லை. 1936இல் ‘பிரவுன் எதிர் மிசிசிப்பி’ வழக்கில், மூன்று கறுப்பினக் குத்தகை விவசாயிகளைச் சாட்டையால் அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கில் அடித்த அதிகாரியே, ஆமாம் அடித்தேன் என்று விசாரணையில் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆகவே தீர்ப்பெழுதுவது எளிதாக இருந்தது. அடுத்த தலைமுறை அதிகாரிகள் இரண்டு பாடங்கள் கற்றார்கள்: தடம் தெரியாமல் அடிக்க வேண்டும், ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஊடகமும் நீதிமன்றமும் கண்காணிக்கும் ஜனநாயக நாடுகளில்தான் தழும்பு விடாத சித்திரவதை முறைகள் அதிகம் வளர்ந்தன என்று ஆய்வாளர் டாரியஸ் ரெஜாலி 2007இல் வெளியிட்ட பெரிய நூலில் நிறுவுகிறார். பையும் மின்பெட்டியும் அந்த வகையைச் சேர்ந்தவை. வில்சன் உடலில் தடம் இருந்தது அந்த அறையின் வழக்கத்திலிருந்து பிறழ்ந்த ஒரு பிசகு.

தடமில்லாத இடத்தில் சொல்லுக்கு எதிராகச் சொல் நிற்கும். வாக்குமூலம் மனமொப்பிக் கொடுத்ததா என்று நீதிபதி விசாரிக்கும்போது, ஒரு பக்கம் குற்றம் சாட்டப்பட்ட, பெரும்பாலும் முன்குற்றப் பதிவுள்ள, ஏழைக் கறுப்பின இளைஞர். மறுபக்கம் ஒரே மாதிரி சாட்சி சொல்லும் நான்கைந்து துப்பறிவாளர்கள். வாக்குமூலத்தை இறுதியில் எழுதி வாங்க நள்ளிரவில் வந்து உட்கார்ந்தவர் காவலர்கூட இல்லை. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் இளநிலை வழக்கறிஞர். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவரின் வீங்கிய முகத்தைப் பார்த்தாரா, பார்த்தும் கேட்காமல் விட்டாரா? அப்படி எழுதி வாங்கிய வழக்கறிஞர்களில் சிலர் பிற்பாடு அதே கவுண்டியில் நீதிபதிகளாக அமர்ந்தார்கள். பர்ஜ் ஒருவரை அரக்கனாக்கி இந்தக் கதையைச் சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசு வழக்கறிஞரும் நீதிபதியும் அந்தக் காகிதத்தை வாங்க மறுத்திருந்தால், அந்த அறையில் மின்பெட்டிக்கு வேலையே இருந்திருக்காது.

இங்கே தமிழ் வாசகர் ஒருவருக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும்: போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் நம் நீதிமன்றத்தில் செல்லாதே? செல்லாது. அந்த விதிக்குப் பின்னால் நம் ஊர் மக்களின் வலி இருக்கிறது. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கிட்டி போடுவதும் கண்ணில் மிளகாய்ப்பொடி இடுவதும் அதில் பதிவாயின. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1872இன் இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்பதைத் தடுத்தன. அதனால் நம் லாக்கப்புகளில் அடி நின்றுவிடவில்லை; 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் எப்படி இறந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தடா சட்டம் அந்தத் தடுப்பையும் நீக்கி, கண்காணிப்பாளர் நிலை அதிகாரி எழுதிய வாக்குமூலத்தைச் செல்லுபடியாக்கியது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று 2013இல் சொன்னபோது, பேரறிவாளன் சிறையில் 22 ஆண்டுகள் கழித்திருந்தார். மூடிய அறையில் எழுதிய காகிதத்தின் பலம் எத்தகையது என்பதை அறிய நாம் சிகாகோ வரை போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தை ஒரு நகரம் எப்படித் திருப்பி எழுதியது என்பதை அறிய அங்கேதான் போக வேண்டும்.

வில்சனுக்காக நகரத்தின் மீதான வழக்கை நடத்தியவர்கள் ‘மக்கள் சட்ட அலுவலகம்’ என்ற சிறு குழுவின் வழக்கறிஞர்கள். ஃபிளின்ட் டெய்லர், ஜெஃப்ரி ஹாஸ் ஆகியோர் இந்த வேலைக்குப் புதியவர்கள் அல்லர். 1969 டிசம்பர் 4 விடியுமுன், கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய் மாநிலக் கிளையின் 21 வயதுத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் தன் படுக்கையில் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கடும் துப்பாக்கிச் சண்டை நடந்தது என்றது அரசுத் தரப்பு. காவலர்கள் அந்த வீட்டுக்கு முத்திரை வைக்க மறந்துவிட்டார்கள். சட்ட மாணவராக இருந்த டெய்லர் உட்படச் சிலர் உள்ளே போய்ச் சுவர்களையும் தோட்டாக்களையும் ஆவணப்படுத்தினார்கள். கட்சி கதவைத் திறந்துவிட்டது. தென்பகுதி மக்களும் மேற்குப் பகுதி மக்களும் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று தோட்டா துளைத்த சுவர்களைத் தாங்களே பார்த்தார்கள். சிறுத்தைகள் சுட்ட துளைகள் என்று ‘சிகாகோ டிரிப்யூன்’ வெளியிட்ட படத்தில் இருந்தவை ஆணித்தலைகள் என்பது அம்பலமானது. பிறகு கூடிய மத்திய அரசின் பெரு ஜூரி, காவலர்கள் 80க்கு மேற்பட்ட முறை சுட்டார்கள், மறுபக்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு குண்டு என்று கண்டது. வரிசையில் நின்று ஒரு சுவரைப் பார்த்ததைப் போராட்டம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதிகாரியின் சொல்லை அப்படியே ஏற்காமல் சென்று பார்ப்பது என்ற பழக்கம் சிகாகோவின் கறுப்பின மக்களிடம் அங்கே வேர்விட்டது என்று நினைக்கிறேன்.

வில்சன் வழக்கு 1989இல் நடந்துகொண்டிருந்தபோது, காவல்துறையின் அலுவல் உறைகளில் பெயரில்லாக் கடிதங்கள் வழக்கறிஞர்களுக்கு வரத் தொடங்கின. உள்ளே இருந்த யாரோ எழுதியவை. எழுதியவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. அதில் ஒரு கடிதம், மெல்வின் ஜோன்ஸ் என்ற கைதியைப் போய்ப் பாருங்கள் என்றது. பார்த்தார்கள். வில்சனுக்கு ஒன்பது நாள் முன்பு தனக்கும் அதே பெட்டி, அதே மின்சாரம் என்றார் ஜோன்ஸ். அதைவிட முக்கியமாக, 1982லேயே ஒரு நீதிமன்ற விசாரணையில் அவர் அதைச் சொல்லியிருந்தார், பதிவேட்டில் இருந்தது, எவரும் எடுத்துப் படிக்கவில்லை. அங்கிருந்து ஒரு பெயர் இன்னொரு பெயரைக் காட்ட, பட்டியல் நீண்டது.

வில்சன் அந்த வழக்கில் முதலில் தோற்றார். இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். வில்சன் நிரபராதி இல்லை. அவருடைய வாக்குமூலத்தின் அடிப்படையில் அளித்த மரண தண்டனையை இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1987இல் ரத்து செய்தது. மறுவிசாரணையில் வாக்குமூலம் இல்லாமலேயே அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை பெற்றார். 2007இல் சிறையிலேயே இறந்தார். அவரை முன்னிறுத்திப் போராடுவது யாருக்கும் இனிப்பான காரியமாக இருந்திருக்காது. இரண்டு காவலர்களைக் கொன்றவரின் தீப்புண்களுக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி சிகாகோவில் உரக்க ஒலித்தது. ஆனால் அவர் உடலில் தடம் பதிந்ததாலும், அந்த மருத்துவர் கடிதம் எழுதியதாலும்தான் பேட்டர்சன் போன்ற குற்றமற்றவர்களின் கதை பிற்பாடு நம்பத் தகுந்ததாயிற்று. வாக்குமூலம் இல்லாமலே நிரூபிக்க முடிந்த வழக்கில் எதற்கு மின்சாரம் என்பதற்கும் எவரும் பதில் சொன்னதில்லை.

1990 ஜனவரியில் ‘சிகாகோ ரீடர்’ என்ற வார இதழில் ஜான் கான்ராய் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. பெரிய நாளிதழ்கள் அசையவில்லை. அசைந்தவர்கள் ‘சிட்டிசன்ஸ் அலர்ட்’ போன்ற சிறிய குடிமக்கள் அமைப்புகள். நகர மன்றத்திலும் காவல் வாரியக் கூட்டங்களிலும் விடாமல் போய் நின்றார்கள். அந்த அழுத்தத்தில் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவைச் சேர்ந்த மைக்கேல் கோல்ட்ஸ்டன் 50 வழக்குகளை ஆராய்ந்து, பத்தாண்டுகளுக்கு மேல் ஏரியா 2இல் முறைமை சார்ந்த, திட்டமிட்ட சித்திரவதை நடந்தது என்று 1990இல் எழுதினார். துறை அதைப் பூட்டி வைத்தது. 1992இல் நீதிபதி உத்தரவிட்ட பிறகே வெளியானது. 1993இல் பர்ஜ் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வூதியத்தோடு ஃபுளோரிடா போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் வைத்திருந்த படகின் பெயர் ‘விஜிலாண்டி’. சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவனைக் குறிக்கும் சொல்.

இடையில் கவனிக்க வேண்டிய ஒன்று. 1983இல் சிகாகோ தன் முதல் கறுப்பின மேயராக ஹெரால்ட் வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தது. காவல்துறையின் அத்துமீறலுக்கு எதிரான கோபமும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். கேனனுக்கு நடந்தது அவர் பதவியேற்ற பிறகு. பேட்டர்சனுக்கு நடந்தது அவர் ஆட்சியில். 1987 முதல் 1992 வரை காவல்துறைத் தலைவராக இருந்த லெராய் மார்ட்டினும் கறுப்பினத்தவர். 1983இல் சில காலம் ஏரியா 2இல் பர்ஜின் மேலதிகாரி. மேலே இருக்கும் முகம் மாறினால் கீழே இருக்கும் அறை மாறிவிடும் என்று நம்பியவர்களுக்கு இது கசப்பான செய்தி.

அடுத்து போராட்டத்தைத் தோளில் சுமந்தவர்கள் மரண தண்டனைக் கைதிகளும் அவர்களின் அம்மாக்களும். ஏரியா 2இன் வாக்குமூலங்களால் மரண தண்டனை வரிசைக்கு வந்தவர்கள் 1998இல் சிறைக்குள்ளேயே ‘டெத் ரோ டென்’ என்று ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். வெளியே அவர்களின் தாய்மார்கள் மகன்களின் படங்களை ஏந்திக்கொண்டு தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் பேசினார்கள். இல்லினாயில் 1977க்குப் பிறகு 12 பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது. 13 பேர் குற்றமற்றவர்கள் என்று வெளிவந்திருந்தார்கள். ஆளுநர் ஜார்ஜ் ரையன், குடியரசுக் கட்சிக்காரர், ஒரு காலத்தில் மரண தண்டனையை ஆதரித்தவர், 2000இல் அதை நிறுத்திவைத்தார். 2003 ஜனவரி 10 அன்று பேட்டர்சன், மேடிசன் ஹோப்லி, ஸ்டான்லி ஹவர்ட், லெராய் ஆரஞ்ச் ஆகிய நான்கு பேரையும் குற்றமற்றவர்கள் என்று கூறி மன்னித்தார். மறுநாள் மீதமிருந்த 167 பேரின் மரண தண்டனையைக் குறைத்தார். 2011இல் இல்லினாய் மரண தண்டனையையே ஒழித்தது.

பர்ஜ் மீது சித்திரவதைக் குற்றச்சாட்டு எப்போது வந்தது? வரவேயில்லை. 2002இல் நியமிக்கப்பட்ட சிறப்பு வழக்கறிஞர்கள் நான்கு ஆண்டுகள் விசாரித்து, சுமார் 70 லட்சம் டாலர் செலவில் அறிக்கை கொடுத்தார்கள்: சித்திரவதை நடந்தது உண்மை, ஆனால் வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிட்டது. மறைத்து வைத்தவர்களுக்குக் காலமே அரணாக நின்றது. ஒரே ஒரு சந்து கிடைத்தது. விடுதலையான ஹோப்லி தொடுத்த உரிமையியல் வழக்கில், யாரையும் சித்திரவதை செய்ததில்லை, அப்படி நடந்ததாக அறிந்ததும் இல்லை என்று 2003இல் பர்ஜ் எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுத்திருந்தார். அந்தப் பொய் புதிது. அதற்குக் காலவரம்பு மீதமிருந்தது. மத்திய அரசு வழக்கறிஞர் பேட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2008இல் வழக்குப் போட்டார். ஆண்டனி ஹோம்ஸ், 37 ஆண்டுகளுக்கு முன் தனக்கு நடந்ததைச் சாட்சிக் கூண்டில் நின்று சொன்னார். 2010 ஜூனில் ஜூரி பர்ஜைப் பொய்ச்சாட்சியத்துக்கும் நீதிக்குத் தடையாக நின்றதற்கும் குற்றவாளி என்றது. தண்டனை நான்கரை ஆண்டுகள். எத்தனையோ பேரைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட வைத்தவரை, அவர் கையெழுத்திட்ட காகிதமே சிறைக்கு அனுப்பியது. ஓய்வூதியம் மட்டும் நிற்கவில்லை. 2011இல் ஓய்வூதிய வாரியத்தில் வாக்குகள் 4-4 எனப் பிரிந்ததால் அது தொடர்ந்தது.

இந்தத் தீர்ப்போடு பலரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். போகாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்ஜ் சிறைக்குப் போனதால் இரவில் தூக்கம் வராத ஹோம்ஸுக்கு என்ன கிடைத்தது? கேனன் தன் வழக்கை 1988இல் 3,000 டாலருக்கு முடித்துக்கொண்டவர். பெரும்பாலானோருக்கு அதுகூட இல்லை. நகரம் பர்ஜுக்காகவும் அவர் ஆட்களுக்காகவும் வழக்கு நடத்தவும் சமரசத்துக்கும் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்துவிட்டிருந்தது. வழக்கறிஞர் ஜோயி மொகலும் கலைஞர்களும் ஆசிரியர்களும் உயிர்பிழைத்தவர்களும் சேர்ந்து ‘சிகாகோ சித்திரவதை நீதி நினைவகங்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நினைவுச் சின்னம் எப்படி இருக்கலாம் என்று மக்களிடமே யோசனை கேட்டார்கள். அந்த உரையாடலிலிருந்து 2013இல் ஒரு சட்ட முன்வரைவு பிறந்தது. பணம் அதில் ஒரு பகுதிதான். நகரம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டும், உயிர்பிழைத்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நகரக் கல்லூரிகளில் கட்டணமில்லாக் கல்வி வேண்டும், மனநல மையம் வேண்டும், பள்ளிப் பாடம் வேண்டும், நினைவுச் சின்னம் வேண்டும்.

முன்வரைவு ஓராண்டுக்கு மேல் தூங்கியது. 2014 ஆகஸ்டில் மிசூரியின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலரால் கொல்லப்பட்டு நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தபோது சிகாகோவின் இளைஞர்களுக்குக் கையில் ஒரு கோரிக்கை ஆயத்தமாக இருந்தது. ‘வி சார்ஜ் ஜெனோசைட்’ என்ற குழு அந்த நவம்பரில் ஜெனீவாவில் ஐ.நா. சித்திரவதைத் தடுப்புக் குழுவின் முன் போய் நின்றது. அந்தப் பெயர் 1951இல் வில்லியம் பேட்டர்சனும் பால் ராப்சனும் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பெயர். ஊர் திரும்பியதும் மேயர் ரஹ்ம் இமானுவேலின் அலுவலக வாசலில் பாடினார்கள், ரயில் பெட்டிகளில் ஏறிப் பயணிகளிடம் பெயர்ப்பட்டியலைப் படித்துக் காட்டினார்கள். மேயர் தேர்தல் நெருக்கத்தில் இருந்தது. அதையும் கணக்கில் வைத்தே களமிறங்கினார்கள்.

2015 மே 6 அன்று நகர மன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றியது. உயிர்பிழைத்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, அவர்கள் எழுந்து நின்றார்கள். உறுப்பினர்களும் எழுந்து கைதட்டினார்கள். 55 லட்சம் டாலர் நிதியிலிருந்து 57 பேருக்கு அதிகபட்சம் தலா 1,00,000 டாலர். இனவெறிப் போலீஸ் வன்முறைக்கு இழப்பீட்டுச் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க நகரம் சிகாகோ.

அந்தக் கைதட்டலைப் பற்றி எழுதும்போதே அதற்கு மூன்று வாரம் முந்தைய நாளையும் எழுத வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 அன்று அதே மன்றம், அதே ஒருமனத்தோடு, லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுச் சிறுவனின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வழக்கே தொடுக்கப்படவில்லை, விவாதமும் நடக்கவில்லை. 2014 அக்டோபரில் ஜேசன் வான் டைக் என்ற காவலர் அவனை 16 முறை சுட்டிருந்தார். கத்தியோடு தங்களை நோக்கி வந்தான் என்று உடனிருந்தவர்கள் அறிக்கை எழுதினார்கள். ரோந்துக் காரின் கேமரா, அவன் விலகி நடந்து போவதைக் காட்டியது. நகரம் அந்தக் காணொளியை 13 மாதங்கள் வெளியிடாமல் வைத்திருந்தது. பர்ஜ் காலத்துக் காகிதத்துக்காக மன்னிப்புக் கேட்ட கைகளே இந்தக் காணொளியைப் பூட்டி வைத்திருந்தன.

சுயேச்சை இதழாளர் பிராண்டன் ஸ்மித் தொடுத்த தகவல் உரிமை வழக்கில் நீதிபதி உத்தரவிட, 2015 நவம்பர் 24 அன்று காணொளி வெளியானது. கொலைக் குற்றச்சாட்டும் அதே நாளில்தான் பதிவானது. மூன்று நாள் கழித்து, ஆண்டின் மிகப் பெரிய வியாபார நாளில், மிச்சிகன் அவென்யூவின் கடை வாசல்களை மக்கள் மறித்தார்கள். பதினாறு குண்டுகள், ஒரு மூடிமறைப்பு என்பது அவர்களின் முழக்கம். இரண்டாம் பாதிதான் அதில் கனமானது. காவல்துறைத் தலைவர் சில நாட்களில் நீக்கப்பட்டார். அரசு வழக்கறிஞர் அடுத்த மார்ச்சில் தன் கட்சி வாக்கெடுப்பிலேயே தோற்றார். வான் டைக் 2018இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். அறிக்கையில் பொய் எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று காவலர்கள் 2019 ஜனவரியில் விடுவிக்கப்பட்டார்கள்.

காகிதத்தின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டங்கள் மெதுவாக வந்துகொண்டிருக்கின்றன. கொலை வழக்குகளில் விசாரணையை முழுவதும் ஒலி அல்லது ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை 2003இல் இல்லினாய் இயற்றியது; அதை முன்னெடுத்தவர் அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா. சிறார்களிடம் பொய் சொல்லி வாக்குமூலம் வாங்குவதைத் தடை செய்த முதல் மாநிலமும் 2021இல் இல்லினாய்தான். 2015 இழப்பீட்டுச் சட்டப்படி சிகாகோ பள்ளிகளின் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பர்ஜ் வழக்குகள் பாடமாயின. காவலர் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் சில பெற்றோர்கள் எதிர்த்தார்கள், பாடம் தொடர்ந்தது. 2017இல் எங்கிள்வுட்டில் மனநல மையம் திறக்கப்பட்டது. நினைவுச் சின்னத்துக்கு வடிவம் தேர்வான பிறகும் வேலை பல ஆண்டுகள் இழுபட்டது.

2009இல் மாநிலம் ஒரு சித்திரவதை விசாரணை ஆணையத்தையும் அமைத்திருந்தது. பர்ஜோடு தொடர்புடைய வழக்குகளை மட்டும் பார்ப்பதாக முதலில் இருந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, குக் கவுண்டியில் எந்தக் காவலரின் சித்திரவதையால் வாக்குமூலம் வாங்கப்பட்டிருந்தாலும் முறையிடலாம் என்றார்கள். நூற்றுக்கணக்கான மனுக்கள் வந்து குவிந்தன. பர்ஜ் 2018இல் இறந்துவிட்டார். மனுக்களில் பல, அவரைச் சந்தித்தே இராத துப்பறிவாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன.